நிச்சயமின்மை விளைவிக்கும் நோய்

2024 ஜூன் 18 அன்று நாடு முழுவதும் 317 நகரங்களில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பட்டதாரிகள் யுஜிசி-நெட் தேர்வை எழுதினார்கள். கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான தகுதித் தேர்வு அது. மறுநாள் இரவே அந்தத் தேர்வு ரத்து செய்யப்படுவதாக ஒன்றியக் கல்வி அமைச்சகம் அறிவித்தது. வினாத்தாள் கசிவுக்குச் சான்றாகச் சொல்லப்பட்ட படமே திருத்தப்பட்டது என்று பிற்பாடு சிபிஐ கண்டறிந்தது. அதே வாரத்தில், ஜூன் 23 அன்று நடைபெறவிருந்த முதுநிலை மருத்துவ நீட் தேர்வு முந்தைய நாள் இரவு ஒத்திவைக்கப்பட்டது. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு, உத்தரப்பிரதேசத்தில் 60,244 காவலர் பணியிடங்களுக்கு 48 லட்சம் பேர் விண்ணப்பித்திருந்த தேர்வு, வினாத்தாள் கசிந்த காரணத்தால் ரத்தாகியிருந்தது.

இந்தச் செய்திகள் ஊழல் குறித்தும், தேசியத் தேர்வு முகமையின் தகுதியின்மை குறித்தும் விவாதிக்கப்பட்டன. அது அவசியமான விவாதமே. ஆனால் அந்த லட்சக்கணக்கான இளைஞர்களின் உடலிலும் மனத்திலும் இது என்ன செய்தது என்ற கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படவில்லை. மூன்று ஆண்டுகள், நான்கு ஆண்டுகள் ஒரே தேர்வுக்காகப் படித்து, பெற்றோரின் சேமிப்பைக் கரைத்து, வயது வரம்பு நெருங்குவதை நாள்காட்டியில் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் இளைஞருக்கு உழைப்பின் பலன் என்ன என்பது மட்டுமல்ல, தேர்வு நடக்குமா என்பதே நிச்சயமில்லை. இத்தகைய நிச்சயமின்மை ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது மனித மனம் எப்போதும் ஆபத்தை எதிர்நோக்கிய நிலையில் உறைந்துவிடுகிறது. மருத்துவம் இதனை மனப்பதற்ற நோய் என்று அழைக்கிறது. இன்று இந்தியாவின் இளம் தலைமுறையை அரித்துக்கொண்டிருக்கும் நோய்களில் முக்கியமானது இது.

அச்சம் வேறு, நோய் வேறு

அச்சம் இயற்கையானது. ஆபத்து எதிர்ப்படும்போது இதயம் வேகமாகத் துடிப்பதும், தசைகள் இறுகுவதும், உள்ளங்கை வியர்ப்பதும் உயிரைக் காக்க உடல் செய்யும் ஏற்பாடுகள். தேர்வுக்கு முதல் நாள் தூக்கம் வராமல் போவதும், நேர்காணலுக்கு முன் வாய் உலர்வதும் நோயல்ல. ஆபத்து நீங்கியதும் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஆபத்து கண்முன் இல்லாதபோதும் இந்த எச்சரிக்கை நிலை அணையாமல் மாதக்கணக்கில் நீடித்து, அன்றாட வாழ்வைக் குலைக்கத் தொடங்கும்போதுதான் அது நோயாகிறது. இதற்குப் பல வடிவங்கள் உண்டு. வேலை, பணம், குடும்பத்தினரின் உடல்நலம் என ஒவ்வொன்றைப் பற்றியும் கட்டுப்படுத்த முடியாத கவலை ஓயாமல் சுழல்வது ஒரு வடிவம். எந்த முன்னறிவிப்புமின்றி நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உயிர் போய்விடும் என்ற பீதி சில நிமிடங்களில் உச்சத்தை எட்டுவது மற்றொன்று. பிறர் முன் பேசவும், உண்ணவும், கையெழுத்திடவும்கூட அஞ்சி ஒதுங்கும் சமூக அச்சம் இன்னொன்று.

அன்றாட வாழ்வில் இதன் விளைவுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனாலேயே அவை தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. இரவெல்லாம் விழித்திருந்து காலையில் எழ முடியாதவர் சோம்பேறி எனப்படுகிறார். கைபேசி அழைப்பை எடுக்க அஞ்சுபவர் திமிர் பிடித்தவர் எனப்படுகிறார். நேர்காணலுக்குக் கிளம்பிப் பேருந்து நிலையத்திலிருந்து திரும்பிவிடுபவர் பொறுப்பற்றவர் எனப்படுகிறார். வகுப்பில் கேள்வி கேட்காத மாணவி மந்தமானவள் எனப்படுகிறாள். பீதித் தாக்குதலுக்கு உள்ளான தொழிலாளி மாரடைப்பு என்று அஞ்சி மருத்துவமனைக்கு ஓடுகிறார். இசிஜி சரியாக இருக்கிறது, வாய்வுத் தொல்லைதான் என்று திருப்பி அனுப்பப்படுகிறார். அடுத்த முறை வேறொரு மருத்துவமனை, வேறொரு ஸ்கேன். நோய் என்னவென்று தெரியாமலேயே சம்பளம் கரைகிறது.

இந்த நோய்க்கு ஒரு கொடிய இயங்குமுறை உண்டு. அச்சமூட்டும் சூழலைத் தவிர்த்தால் அந்தக் கணத்தில் நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே அடுத்த முறையும் தவிர்க்கத் தூண்டுகிறது. தவிர்க்கத் தவிர்க்க அச்சம் வளர்கிறது. வாழ்க்கையின் வட்டம் சுருங்குகிறது. முதலில் கூட்டம், பிறகு பேருந்து, பிறகு தெரு, இறுதியில் அறைக் கதவு. இதற்கிடையே வேலையும் படிப்பும் நட்பும் ஒவ்வொன்றாகக் கைநழுவுகின்றன. பலரிடம் இதனோடு மனச்சோர்வும் சேர்ந்துகொள்கிறது. அச்சத்தைத் தணிக்க மதுவை நாடிப் புதிய தளையில் சிக்குவோரும் உண்டு.

எண்கள் சொல்வது என்ன?

2017-ஆம் ஆண்டில் இந்தியாவில் 19.7 கோடிப் பேர், அதாவது ஏழு பேரில் ஒருவர், ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்ந்ததாக லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் 4.49 கோடிப் பேருக்கு மனப்பதற்ற நோய் இருந்தது. பெருந்தொற்றுக்கும் திடீர் ஊரடங்குக்கும் முந்தைய கணக்கு இது. கோவிட் பரவிய முதலாம் ஆண்டில் உலக அளவில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் அதிகரித்ததாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் தெரிவித்தது.

மனநலக் கோளாறுகளில் ஏறத்தாழப் பாதி 18 வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. படிப்பை முடித்து, வேலை தேடி, சொந்தக் காலில் நிற்க வேண்டிய வயதில்தான் இவை முழு வீச்சில் தாக்குகின்றன. பெண்களிடம் மனப்பதற்ற நோய் ஆண்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நாட்டில் சுமார் 15 கோடிப் பேருக்கு மனநலச் சிகிச்சை தேவைப்படுகிறது என்றது. சிகிச்சை தேவைப்படுவோரில் அதனைப் பெறாதவர்களின் விகிதம், நோயின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் வரை இருப்பதாகவும் அது கண்டறிந்தது. பத்தில் ஏழு பேருக்கு, சில நோய்களில் ஒன்பது பேருக்கு, எந்தச் சிகிச்சையும் கிட்டுவதில்லை. வேறெந்த நோயிலாவது இந்த நிலை இருந்திருந்தால் அது தேசிய நெருக்கடி என்று அறிவிக்கப்பட்டிருக்கும்.

பொருளாயத அடித்தளம்

மனப்பதற்ற நோய்க்கு ஒற்றைக் காரணம் கிடையாது. மரபணுவுக்குப் பங்கு உண்டு. குழந்தைப் பருவ அனுபவங்களுக்குப் பங்கு உண்டு. மூளையின் வேதியியலுக்குப் பங்கு உண்டு. வசதி படைத்தவர்களும் இதற்கு விலக்கல்ல. எல்லாவற்றையும் முதலாளித்துவத்தின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. ஆனால் அது அறிவியலாகாது. அதே வேளையில், நோய்க்கான விதை பலரிடம் இருக்கும்போது, அது யாரிடம் முளைக்கிறது, யாரிடம் மரமாகிறது, யாருக்குச் சிகிச்சை கிடைக்கிறது என்பதைச் சமூக நிலைமைகளே பெருமளவு தீர்மானிக்கின்றன. அந்த நிலைமைகளைப் பற்றிப் பேசாமல் நோயாளியிடம் மட்டும் பேசுவதும் அறிவியலாகாது.

இந்திய இளைஞரின் நிலைமைகள் யாவை? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் இணைந்து வெளியிட்ட 2024-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, நாட்டின் வேலையற்றோரில் ஏறத்தாழ 83 சதவீதம் பேர் இளைஞர்கள். வேலையற்றோரில் படித்த இளைஞர்களின் பங்கு 2000-இல் 54.2 சதவீதமாக இருந்து 2022-இல் 65.7 சதவீதமாக உயர்ந்தது. படிக்கப் படிக்க வேலை கிடைக்கும் வாய்ப்பு கூடும் என்ற நம்பிக்கையில் நிலத்தையும் நகையையும் அடகு வைத்த குடும்பங்களுக்கு இந்த அமைப்பு அளித்த பதில் இதுதான்.

2014 முதல் 2022 வரையிலான எட்டு ஆண்டுகளில் ஒன்றிய அரசுப் பணிகளுக்கு 22.05 கோடி விண்ணப்பங்கள் வந்தன, 7.22 லட்சம் பேர் மட்டுமே பணி நியமனத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டனர் என்று அரசே மக்களவையில் ஒப்புக்கொண்டது. நூறு விண்ணப்பங்களில் ஒன்றுக்குக்கூட வேலை இல்லை. அதே காலத்தில், 2021 மார்ச் நிலவரப்படி, ஒன்றிய அரசுத் துறைகளில் 9.79 லட்சம் இடங்கள் காலியாக இருந்தன. ராணுவப் பணியில் எஞ்சியிருந்த நிரந்தரத்தையும் 2022-இல் அக்னிபத் திட்டம் பறித்தது. நான்கு ஆண்டுகள் முடிந்ததும் நான்கில் ஒருவர்தான் பணியில் நீடிப்பார். மற்ற மூவர் இருபதுகளின் தொடக்கத்திலேயே மறுபடியும் வேலை தேடும் வரிசையில் நிற்க வேண்டும்.

வேலை கிடைத்தவர்களின் நிலையும் நிம்மதியானதல்ல. மாதச் சம்பளம் பெறுவோரிலேயே பாதிக்கும் மேற்பட்டோருக்கு எழுத்துப்பூர்வமான பணி ஒப்பந்தம் இல்லை என்பதை அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. 2020-21-இல் 77 லட்சமாக இருந்த கிக் தொழிலாளர்களின் எண்ணிக்கை 2029-30-இல் 2.35 கோடியாகும் என்பது நிதி ஆயோக்கின் மதிப்பீடு. உணவு கொண்டுசெல்லும் இளைஞருக்கு மேற்பார்வையாளர் கிடையாது. அவரது இடத்தில் செயலி இருக்கிறது. வாடிக்கையாளர் அளிக்கும் நட்சத்திரம் குறைந்தால் வருமானம் குறையும். ஐடி முடக்கப்பட்டால் காரணம் கேட்க ஆளில்லை. இன்றைய வருமானம் எவ்வளவு என்பது இன்றிரவு வரை தெரியாது. நிச்சயமின்மையையே வேலை நிபந்தனையாக மாற்றியிருக்கும் உற்பத்தி முறை இது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்த நிலைமையைச் சட்டபூர்வமாக்குகின்றன. 100 தொழிலாளர் என்றிருந்த வரம்பு 300 ஆக உயர்த்தப்பட்டு, அதற்குக் கீழுள்ள நிறுவனங்கள் அரசின் முன்அனுமதியின்றி ஆட்குறைப்புச் செய்ய வழி திறக்கப்பட்டுள்ளது. குறித்தகால வேலை என்ற பெயரில் நிரந்தரமின்மை நிரந்தரமாக்கப்பட்டுள்ளது. மார்க்ஸ் சுட்டிய ரிசர்வ் பட்டாளம் ஆலை வாயிலுக்கு வெளியே மட்டும் நிற்பதில்லை. அதில் எந்நேரமும் தானும் தள்ளப்படலாம் என்ற அச்சம் ஆலைக்குள் நிற்கும் ஒவ்வொருவரின் நெஞ்சிலும் குடியிருக்கிறது. அந்த அச்சமே கூலியைக் குறைக்கவும் வேலை நேரத்தைக் கூட்டவும் முதலாளிக்குக் கருவியாகிறது.

இவற்றின் மேல் சாதியும் ஆணாதிக்கமும் ஏறி அமர்ந்திருக்கின்றன. தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் தலித், பழங்குடி மாணவர்கள் எதிர்கொண்ட பாகுபாட்டை சுகதேவ் தோரட் தலைமையிலான குழு 2007-லேயே பதிவு செய்தது. ஆனால் 2016-இல் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவை நாடு இழந்தது. தன் மதிப்பெண்ணைக் கேட்டுத் தன் சாதியை ஊகிக்கும் சக மாணவர்களுக்கு நடுவே ஒவ்வொரு நாளும் அமர்ந்திருக்க வேண்டியவரின் பதற்றத்தை மூச்சுப் பயிற்சியால் மட்டும் தீர்த்துவிட முடியாது. வீடு திரும்பும் நேரம், அணியும் உடை, பேசும் நபர் என அனைத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டிய பெண்ணின் பதற்றமும் அவ்வாறே.

ஆட்சியாளர்களின் உபதேசம்

இந்த நிலைமைக்கு ஆளும் வர்க்கம் அளிக்கும் விடை என்ன? 2018 முதல் பிரதமர் மாணவர்களோடு 'பரீக்‌ஷா பே சர்ச்சா' நடத்தி, தேர்வைப் பண்டிகையாகக் கொண்டாடச் சொல்கிறார். 2024 செப்டம்பரில், ஒரு பெருநிறுவனத்தின் இளம் பணியாளரின் மரணம் வேலைப்பளு குறித்த விவாதத்தை எழுப்பியபோது, மன அழுத்தத்தைச் சமாளிக்கும் அகவலிமையைக் குடும்பங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும், அது இறைவழியே வரும் என்ற பொருளில் ஒன்றிய நிதியமைச்சர் சென்னையில் பேசினார். கார்ப்பரேட் தலைவர்களோ எதிர்த்திசையில் பந்தயம் கட்டுகிறார்கள். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேர உழைப்பு கோரினார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் அதனை 90 மணி நேரமாக உயர்த்தினார்.

அந்த மாதத்தின் இறுதியில் வெளியான அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே, வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் உழைப்பது உடல்நலத்தைக் கெடுக்கும் என்றும், நாளொன்றுக்கு 12 மணி நேரமும் அதற்கு மேலும் மேசையில் அமர்ந்திருப்போரின் மனநலம் சீர்குலைகிறது என்றும் ஆய்வுகளைச் சுட்டிக்காட்டியது. ஆனால் இளைஞர்களின் மனநலம் கெடுவதற்கான காரணங்களைப் பட்டியலிடும்போது அது சமூக ஊடகம், பதப்படுத்தப்பட்ட உணவு, குடும்ப உறவின் தளர்ச்சி ஆகியவற்றோடு நின்றுகொண்டது. இவற்றுக்கும் பங்குண்டு, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வேலையின்மையையும் ஒப்பந்த முறையையும் தொடாமல் இளைஞர்களின் கைபேசியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது, தன் கொள்கைகளை விசாரணையிலிருந்து விடுவித்துக்கொள்ளும் வழியாகும்.

இதற்கிடையே சந்தை தன் கடையை விரித்துவிட்டது. மன அமைதி செயலிகள், வார இறுதித் தியான முகாம்கள், மணிக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் பெறும் தனியார் ஆலோசனை எனப் பதற்றமும் ஒரு சரக்காகிவிட்டது. நாள் முழுவதும் இலக்கைத் துரத்தவைக்கும் நிறுவனம் மாலையில் ஊழியர்களுக்கு 'மன உறுதி'ப் பயிலரங்கு நடத்துகிறது. இங்கே நோய்க்கான பொறுப்பு முழுவதும் நோயாளியின் தோளில் இறக்கப்படுகிறது.

சட்டம் உண்டு, மருத்துவர் இல்லை

இந்தியாவில் மனநலத்துக்கு முன்னோடியான சட்டம் இல்லாமல் இல்லை. 1982-இல் தேசிய மனநலத் திட்டமும், பெல்லாரி அனுபவத்தின் அடிப்படையில் 1996-இல் மாவட்ட மனநலத் திட்டமும் தொடங்கப்பட்டன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியளிக்கும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொரு குடிமகனின் உரிமையாக்கியது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்றது. 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம், மனநலம் அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகரை நியமிக்க வேண்டும் என்பது உள்ளிட்ட 15 வழிகாட்டுதல்களை வழங்கியது.

காகிதத்திலிருந்து களத்துக்கு இறங்கினால் காட்சி மாறுகிறது. ஒரு லட்சம் பேருக்குக் குறைந்தது மூன்று மனநல மருத்துவர்கள் தேவை எனப்படும் இடத்தில் இந்தியாவில் இருப்பது 0.75. ஒன்றிய சுகாதார ஒதுக்கீட்டில் மனநலத்துக்கென நேரடியாகக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு சதவீதம். அதிலும் பெரும்பகுதி நிம்ஹான்ஸ் என்ற ஒரே உயர்நிலை நிறுவனத்துக்குச் செல்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் 767 மாவட்டங்களுக்கு அனுமதிக்கப்பட்டிருப்பதாக அரசு கூறுகிறது. அனுமதியும் மருத்துவரும் ஒன்றல்ல. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 14416 என்ற டெலி-மானஸ் இலவச உதவி எண் வரவேற்கத்தக்கது. அவசரத்தில் இருப்போர் தயங்காமல் அழைக்க வேண்டிய எண் அது. ஆனால் தொலைபேசியின் மறுமுனையில் ஆறுதல் பெற்றவர் அடுத்த வாரம் சென்று காண்பதற்கு அருகில் ஒரு மருத்துவர் வேண்டும்.

காப்பீட்டிலும் இதே நிலைதான். மனப்பதற்ற நோயில் பெரும்பாலானோருக்கு மருத்துவமனையில் படுக்கை தேவைப்படுவதில்லை. மாதக்கணக்கில் புறநோயாளியாகச் சென்று ஆலோசனையும் மருந்தும் பெறுவதே சிகிச்சை. ஆயுஷ்மான் பாரத் திட்டமோ மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவோருக்கானது. எனவே காப்பீட்டு அட்டை கையில் இருந்தும் இந்த நோயாளியின் செலவு அவரது சட்டைப் பையிலிருந்தே போகிறது.

வழி இல்லாமல் இல்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்தப்பட்டு 2010-இல் லான்செட் இதழில் வெளியான 'மானஸ்' ஆய்வு, மனநல மருத்துவப் பட்டம் பெறாத, ஆனால் முறையாகப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டே மனச்சோர்வு, மனப்பதற்றம் உள்ளவர்களைக் குணமாக்க முடியும் என்று காட்டியது. அரசு மருத்துவ நிலையங்களில் அதன் பலன் தெளிவாகத் தெரிந்தது. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு ஆர்த்ரம் திட்டத்தின் கீழ் குடும்ப நல மையங்களில் 'ஆஸ்வாசம்' என்ற மனச்சோர்வு சிகிச்சைப் பிரிவுகளைத் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் தனிமைப்படுத்தப்பட்டோரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசும் ஏற்பாட்டையும் அது செய்தது. நோயாளி மருத்துவரைத் தேடி அலைவதற்குப் பதிலாக, பொதுச் சுகாதார அமைப்பு நோயாளியைத் தேடிச் சென்றது. நாடு முழுமைக்கும் தேவைப்படுவது இந்தப் பாதையே.

இயக்கத்துக்குள் ஒரு விவாதம்

இங்கே இடதுசாரி இயக்கமும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் உள்ளன. மாணவர் சங்கத்திலும் வாலிபர் சங்கத்திலும் துடிப்போடு செயல்பட்ட இளம் தோழர்கள் சிலர் திடீரெனக் கூட்டங்களுக்கு வருவதில்லை. கைபேசியை எடுப்பதில்லை. கிளைக் கூட்டத்தில் அவர்களின் பெயர் வாசிக்கப்படுகிறது. 'செயல்பாடு இல்லை' என்று பதிவாகிறது. புதுப்பித்தலின்போது பெயர் விடுபடுகிறது. அவர்களில் எத்தனை பேர் கொள்கையிலிருந்து விலகினார்கள், எத்தனை பேர் வெளியே சொல்ல முடியாத நோயால் விலக நேர்ந்தது என்பதை விசாரித்தறியும் வழக்கம் பரவலாக இல்லை.

இரண்டு தவறான கண்ணோட்டங்கள் இதற்குக் காரணம். மனப்பதற்றம் என்பது குட்டி முதலாளித்துவப் பலவீனம், உறுதியின்மை, போராட்டக் களத்துக்கு வந்தால் தானாகச் சரியாகிவிடும் என்பது முதலாவது. கூட்டு வாழ்க்கையும் போராட்டமும் தனிமையைப் போக்கும், நம்பிக்கையைத் தரும். ஆனால் அவை நோய்க்கான சிகிச்சைக்கு மாற்றாகாது. காசநோய் வறுமையில் விளைகிறது என்று அறிந்த எவரும் காசநோயாளித் தோழரிடம் மருந்தை விட்டுவிட்டு ஊர்வலத்துக்கு வரச் சொல்வதில்லை. மனப்பதற்ற நோய்க்கும் அந்த நியாயம் பொருந்தும். எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றப் பயிற்றும் உளவியல் சிகிச்சையும், தேவைப்படுவோருக்கு மருந்தும் இந்நோயைப் பெருமளவு கட்டுப்படுத்துகின்றன என்பது நிறுவப்பட்ட அறிவியல்.

சமூகம் மாறாமல் இந்த நோய் மாறாது, எனவே இப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது இரண்டாவது கண்ணோட்டம். தீவிரமானதாகத் தோன்றினாலும் இது செயலின்மைக்கே இட்டுச் செல்லும். எட்டு மணி நேர வேலைக்கான போராட்டம் முதலாளித்துவம் வீழும்வரை காத்திருக்கவில்லை.

மார்க்ஸ் 1846-இல் வெளியிட்ட, அதிகம் பேசப்படாத ஒரு கட்டுரை இங்கு நினைவுகூரத்தக்கது. பாரிஸ் காவல்துறையின் ஆவணக் காப்பாளராக இருந்த ழாக் பெஷே என்பவரின் நினைவுக் குறிப்புகளிலிருந்து தற்கொலை குறித்த பகுதிகளைத் தேர்ந்து, மொழிபெயர்த்து, தம் கருத்துகளையும் சேர்த்து மார்க்ஸ் அதனை வெளியிட்டார். அதில் வரும் நிகழ்வுகள் நான்கு. மூன்றில் பெண்கள், குடும்பத்தின் கொடுங்கோன்மைக்குப் பலியானவர்கள். நான்காமவர் வேலையிழந்து, வேறு வேலை கிடைக்காமல், குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டதாக உணர்ந்த ஓர் ஆண். பெஷே கம்யூனிஸ்ட் அல்லர். ஆயினும் தனிமனிதரின் வேதனையில் சமூக அமைப்பின் நோயைக் கண்ட அவரது எழுத்தை மார்க்ஸ் முக்கியமாகக் கருதினார். கூலி விவகாரத்தோடு முடிந்துவிடும் ஒன்றாக மனித விடுதலையை மார்க்சியம் ஒருபோதும் கருதியதில்லை என்பதற்கு அந்தக் கட்டுரை சான்று. அன்று பாரிஸில் அவர் கண்ட காரணங்கள் இன்று இந்தியாவில் அந்நியமானவை அல்ல. 2022-இல் இந்நாட்டில் 13,044 மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. அவ்வாண்டு தற்கொலையால் மாண்டோரில் நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலித் தொழிலாளர்கள்.

செய்ய வேண்டியவை

கோரிக்கைகள் தெளிவானவை. காலிப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். தேர்வு நாள்காட்டி சட்டபூர்வமாக்கப்பட்டு, ரத்தாகும் தேர்வுகளுக்கு வயது வரம்புத் தளர்வும் இழப்பீடும் அளிக்கப்பட வேண்டும். தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் திரும்பப் பெறப்பட வேண்டும். கிக் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்ச வருமானமும், ஐடி முடக்கத்துக்கு எதிராக முறையிடும் உரிமையும் வேண்டும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் நிரந்தரப் பணியிடத்தில் நியமிக்கப்பட வேண்டும். புறநோயாளிச் சிகிச்சை காப்பீட்டில் சேர்க்கப்பட வேண்டும். இஎஸ்ஐ மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும், நோய் விடுப்பில் மனநோய்க்குச் சம இடமும் உறுதிசெய்யப்பட வேண்டும்.

இவை போராடிப் பெற வேண்டியவை. ஆனால் இன்றே தொடங்கக்கூடிய வேலைகளும் உண்டு. தம் பகுதி மாவட்ட மருத்துவமனையில் மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் அமர்கிறார், மருந்துகள் இருப்பில் உள்ளனவா, எத்தனை பணியிடங்கள் காலி என்பதை ஒவ்வொரு இடைக்குழுவும் நேரில் சென்று அறியலாம். அந்த விவரங்களோடு மக்களைத் திரட்டலாம். உச்சநீதிமன்றம் சொன்ன ஆலோசகர் நியமனம் தம் கல்லூரியில் நடந்திருக்கிறதா என்று மாணவர் சங்கக் கிளைகள் கேட்கலாம். சீட்டின்றி மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் பழகுவதன் ஆபத்தையும், மருத்துவர் எழுதித் தந்த மருந்தைத் தாமாக நிறுத்துவதன் ஆபத்தையும் எடுத்துச் சொல்லலாம்.

கிளைகளில் பழக்கங்களும் மாற வேண்டும். வராமல்போன தோழரின் வீட்டுக்கு, விளக்கம் கேட்கும் தொனியின்றி, ஒருவர் சென்று வர வேண்டும். 'தைரியமாக இரு' என்பதைவிட 'மருத்துவமனைக்குச் சேர்ந்து போகலாம்' என்பது பயனுள்ள வாக்கியம். அவர் சொல்வது அவ்விருவரோடு நிற்க வேண்டும். அது கூட்டத்தில் விவாதப் பொருளாகக் கூடாது. திரும்பி வருபவருக்கு முதல் நாளே மேடையும் வசூலும் ஒப்படைக்காமல், அவரால் இயன்ற சிறு பணியிலிருந்து தொடங்கி மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். தவிர்த்தலால் வளரும் இந்த நோய், துணையோடு எதிர்கொள்ளும்போது படிப்படியாகத் தளர்கிறது என்பதே மருத்துவமும் சொல்வது.

நிச்சயமின்மையை உற்பத்தி செய்வது இந்த அமைப்புக்கு லாபகரமானது. அஞ்சிய தொழிலாளி குறைந்த கூலிக்குச் சம்மதிப்பார். அஞ்சிய மாணவர் கேள்வி கேட்க மாட்டார். அஞ்சிய இளைஞர்களிடம் வேறொரு மதத்தவரைக் காட்டி 'உன் அச்சத்துக்குக் காரணம் இவன்தான்' என்று சொல்வது வகுப்புவாத சக்திகளுக்கு எளிது. எனவே இளைஞர்களின் மனப்பதற்றத்தை மருத்துவர்களின் அலுவல் என்று ஒதுக்கிவைக்க இடதுசாரி இயக்கத்தால் இயலாது. சிகிச்சைக்கான உரிமையும் நிலையான வாழ்வுக்கான உரிமையும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டியவை. அந்தப் பட்டியலோடு வீதிக்கு வரும் இயக்கம், தன் வரிசையில் நடுங்கிக்கொண்டு நிற்பவரின் கையையும் பற்றிக்கொண்டு நடக்க வேண்டும்.